மோந்து பார்க்கக் கூடாத நெய்

வேலூரில் என் நெஞ்சைத் திறந்து, அடைப்பையெல்லாம் சரிசெய்து, மறுபடி தைத்து அனுப்பிய அன்று, டாக்டர் என்னை உட்காரவைத்து இனிமேல் சாப்பிடக் கூடாதவற்றை வரிசையாகச் சொன்னார். முதலில் சொன்னது நெய். "நெய்யை மறந்துடுங்க" என்றார். என் மனைவி சந்திரம்மாள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கார் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் என் பக்கம் குனிந்து, "அண்ணாமலையாருக்கு ஒரு தூக்கு நெய் வேண்டிக்கிட்டேன். நீங்க பொழச்சி வந்தா தீபத்துக்குக் குடுக்கறதா" என்றாள்.

"கடையில வாங்கிக் குடுத்துடலாம்" என்றேன்.

"அது எப்டி? நம்ம மாட்டுப் பால்னு சொல்லியிருக்கேன். நம்ம ஊட்லயே உறை ஊத்தி, கடைஞ்சி, காய்ச்சி. காய்ச்சறப்போ யாரும் நக்கிப் பாக்கக் கூடாது. மோந்தும் பாக்கக் கூடாது."

"மோந்துமா?"

"பூவை மோந்துட்டா சாமிக்குப் போடுவோம்? நெய்யும் அப்டித்தான்."

"இதெல்லாம் சாமி கேட்டாரா?"

"நானா சொன்னதுதான்."

"அப்போ நீயே கொஞ்சம் மாத்திக்கலாமில்ல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவரு பேச்சை மாத்தியிருந்தா நீங்க இப்போ இந்தக் கார்லயா வருவீங்க?" என்றாள். தையல் வலித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருஷம் தீபத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஐப்பசியில், நாலு நாள் காய்ச்சலில் சந்திரா போய்விட்டாள். என் நெஞ்சுக்கு ஒரு தூக்கு நெய் வேண்டிக்கொண்டவள், தன் காய்ச்சலுக்கு ஒரு அகல் விளக்குகூட வேண்டிக்கொள்ளவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. கோயிலுக்கு எதுவும் கொடுப்பதும் கிடையாது. அந்தக் கார்த்திகையில் மலையில் தீபம் ஏறியபோது எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் எல்லோரும் மொட்டை மாடியில் நின்றார்கள். நான் கீழேயே இருந்தேன்.

அடுத்த ஐப்பசியில் வருஷத் திதிக்குச் செங்கத்திலிருந்து என் அக்கா ஜோதியம்மாள் வந்தாள். அக்காவுக்கு எழுபத்து நாலு, எனக்கு அறுபத்தாறு. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த மூன்று பேர் தங்கவில்லை. அடுத்ததையாவது எமன் ஒரு பொருட்டாக நினைக்காமல் போகட்டும் என்று எனக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பதிவறையில் முப்பத்தொரு வருஷம் கோப்பு அடுக்கிய காலமெல்லாம் நான் "எம். கட்டி". அக்காவுக்கு மட்டும் இன்றைக்கும் "மண்ணு".

திதி முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, அக்கா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"டேய் மண்ணு, அவ வேண்டுதல் இன்னா ஆச்சி?"

"இருக்குதுக்கா."

"இருக்குதுன்னா? வேண்டிக்கிட்டது அவ. பொழச்சது நீ. குடுக்காம கம்முனு குந்தியிருக்கறதும் நீ. மேல போனவளை நெய் எங்கடினு கேட்டா அவ இன்னாடா சொல்லுவா?"

எனக்கு அண்ணாமலையாரிடம் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் சந்திராவிடம் யாரோ கேள்வி கேட்பதையும், அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு பதில் இல்லாமல் நிற்பதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உயிரோடு இருந்தவரை யாருக்கும் பதில் இல்லாமல் நின்றவள் இல்லை அவள்.

"இந்தத் தீபத்துக்குக் குடுத்துடறேன்க்கா" என்றேன்.

"யாரு காய்ச்சுவா?"

"நான்தான்."

அக்கா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "தீபம் முடியற வரைக்கும் நான் இங்கதான்" என்றாள்.

எங்களிடம் இருந்தது ஒரே மாடு. நடக்கும் தோரணையைப் பார்த்துச் சந்திரா அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தாள். தாசில்தார் அப்போது சினையாக இருந்தது. காலை மாலை சேர்த்து மூன்று லிட்டர்தான் கறந்தது, அதுவும் நாளுக்கு நாள் கம்மியாகிக்கொண்டு வந்தது. கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்னால் பாலை நிறுத்திவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் கார்த்திகை பிறந்து சில நாளில் கறவை நின்றுவிடும். அதற்குள் ஒரு தூக்கு நெய்க்கு வெண்ணெய் சேர வேண்டும்.

மறுநாளே ஆரம்பித்தோம். பாலைக் காய்ச்சி, விரல் சூட்டுக்கு ஆறவைத்து, ஒரு கரண்டி மோர் விட்டு மூடிவைத்தேன். மழைக்காலம். காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. என் பழைய ஆபீஸ் ஸ்வெட்டரைப் பானைக்கு மாட்டி அரிசி டப்பாவுக்குள் இறக்கிவைத்தாள் அக்கா. அடுத்த நாள் கத்தியால் வெட்டுகிற மாதிரி தயிர்.

"மிக்ஸியில அடிச்சிடலாமா?" என்று கேட்டேன்.

"அதுல நேத்து பூண்டுச் சட்னி அரைச்சே. சாமிக்குப் பூண்டு நெய்யா?"

ஆகவே மத்து. இரண்டு கையாலும் கயிற்றை இழுத்து அரைமணி நேரம் கடைந்தேன். நெஞ்சில் தையல் போட்ட இடம் ஞாபகத்துக்கு வந்ததே தவிர, வெண்ணெய் வரவில்லை. அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "கோப்பு அடுக்கற மாதிரி கடையாதடா. இழுத்து வுடு" என்றாள். குளிருக்கு வெண்ணெய் திரளாது, வெதுவெதுப்பாகத் தண்ணீர் விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் நான் முக்கால்மணி நேரம் கஷ்டப்படும் வரை சொல்லாமல் இருந்தாள். தண்ணீர் விட்டதும் மத்தின் ஓசை மாறி, கடுகு கடுகாக ஏதோ மேலே வந்தது. பிறகு கடுகுகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டை ஆயின. நான் கையை விட்டு அள்ளினேன். அழகாக இருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"மூக்கு!" என்று அலறினாள் அக்கா.

அன்றைக்கே சட்டதிட்டம் வகுத்தோம். பாலை மோந்து பார்க்கலாம், அது மாட்டினுடையது. தயிரையும் மோந்து பார்க்கலாம், இல்லாவிட்டால் புளித்ததா என்று எப்படித் தெரியும்? வெண்ணெய் திரண்ட நொடியிலிருந்து சாமி சொத்து. அதற்குப் பிறகு மூக்குக்கு அனுமதி இல்லை. கொரோனா காலத்து முகக்கவசம் ஒரு பெட்டி பரணில் மிச்சம் இருந்தது. அதை எடுத்து ஆளுக்கு ஒன்று மாட்டிக்கொண்டோம். தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டில் யாருக்கோ என்னவோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

வெண்ணெய் சேர்ந்தது கொஞ்சம், மோர் சேர்ந்ததுதான் ஜாஸ்தி. மோர்க்குழம்பு, மோர்க்களி, மோர் ஊற்றிய கூழ் எல்லாம் மாறி மாறி நடந்தது. மிச்ச மோரைக் கிரிவலம் போகிறவர்களுக்கு வாசலில் வைத்தோம். அவர்கள் நாங்கள் பெரிய தர்மவான்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். வெண்ணெய் உருண்டைகளைத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் முகக்கவசம். பதினைந்தாம் நாள் பெரிய பாத்திரம் நிறைந்தது.

காய்ச்ச வேண்டிய நாள் வந்தபோதுதான் ஒரு விஷயம் விளங்கியது. நெய் பதத்துக்கு வந்ததா என்று மோந்து பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னையில் பாங்கில் வேலை செய்யும் என் மகள் கவிநிலாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா எப்டிம்மா பதம் பாப்பா?"

"எனக்கு எங்கப்பா சொல்லிக் குடுத்தாங்க? அடுப்படிப் பக்கம் வந்தா 'போய் படிடி'னுவாங்க. இருங்க, வீடியோ அனுப்பறேன்."

ஆறு வீடியோ அனுப்பினாள். ஆறிலும் ஆறு பேர், "நல்லா கமகமன்னு வாசனை வந்ததும் இறக்கிடுங்க" என்றார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு நெய் காய்ச்சுவது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை.

அக்காதான் வழி கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டில் அப்பாசாமி இருந்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு வாசனை தெரியாது. மல்லிகைப்பூவும் மாட்டுச் சாணமும் அவருக்கு ஒன்று. "மூக்கு இருக்குது, வேலை செய்யாது. அண்ணாமலையாரே பாத்து அனுப்புன ஆளுடா!" என்றாள் அக்கா.

அப்பாசாமி குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். இத்தனை வருஷம் கழித்துத் தன் மூக்குக்கு ஒரு மரியாதை கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"ஒன்னும் கவலப்படாதீங்க சார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஒரு சட்டி ஓட்ட மாட்டனா?"

வெண்ணெயை அடுப்பில் ஏற்றிவிட்டு நானும் அக்காவும் வெளியே வந்து, வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம், முகக்கவசத்தோடு நின்றோம். போதாது என்று அக்கா புடவைத் தலைப்பையும் மூக்கில் அழுத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அப்பாசாமி நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உருகிடுச்சி!"

"சரி."

"கொதிக்குது! நுரை கட்டுது!"

"கிண்டுங்க!"

"மஞ்சளா இருக்குது!"

"இன்னும் கொஞ்சம்!"

"மஞ்சளாத்தான் இருக்குது யக்கா!"

ரொம்ப நேரம் மஞ்சளாகவே இருந்தது. அவருடைய கண்ணாடியில் ஆவி படிந்து, அவருக்கு அடுப்படி முழுவதும் மஞ்சளாகத் தெரிந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரியும். அப்போது கிரிவலப் பாதையில் நாலைந்து பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்த அம்மாள் எங்கள் வீட்டெதிரே சட்டென்று நின்றாள்.

"யாரு ஊடும்மா இது? நெய் தீயுதே!"

அக்கா தலைப்பை எடுக்காமலே சீறினாள். "உன்ன யாரு மோந்து பாக்கச் சொன்னது?"

"நான் எங்கம்மா மோந்தேன்? அதுவா வந்து மூக்குல ஏறுது!"

"சாமி நெய்யி! மூக்கப் பொத்திக்கினு போம்மா!"

"பொத்திக்கினு போறேன். நீ போய் அடுப்ப நிறுத்து, ஊடு எரியப் போவுது!"

நான் ஓடினேன். அடுப்படியில் புகை. அதன் நடுவில் அப்பாசாமி கரண்டியைச் சுழற்றிக்கொண்டு, தெளிவான மனதோடு நின்றிருந்தார். பாத்திரத்தில் இருந்தது நெய்யில்லை, தார். ரோடு போட எடுத்திருந்தால் ஒரு அடி போட்டிருக்கலாம்.

அடுப்பை அணைத்தேன். அப்பாசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு, "பிரேக்கு புடிச்சிருக்கணும் சார்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? மூக்கில்லாத ஆளைத் தேடிப் போனது நாங்கள்தானே. அவர்தான் வழியும் சொன்னார். "மேல கொப்பரையில எல்லாம் ஒன்னாத்தான எரியப் போவுது? கடையில ஒரு டப்பா வாங்கித் தூக்குல ஊத்திடுவோம். அண்ணாமலையாரு வந்து எந்த மாட்டுப் பாலுன்னா கேக்கப் போறாரு?"

ஆச்சரியம், அக்காவும் தலையாட்டினாள். அவளுக்கு முட்டி வலி. பதினைந்து நாள் முக்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டியதில் அவளுக்கும் களைப்பு வந்திருந்தது. "மனசுதாண்டா முக்கியம்" என்றாள்.

"இல்லக்கா. அவ சொன்ன மாதிரியே குடுக்கணும்" என்றேன்.

எனக்கே அது யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அதுவரை அக்கா விரட்டுகிறாள் என்று கடைந்துகொண்டிருந்தேன். கருகின பாத்திரத்தைத் தேங்காய் நாரால் தேய்க்கும்போதுதான் தோன்றியது. அவள் என்னைப் பிழைக்க வைக்கச் சாமியிடம் ஒரு பேச்சுப் பேசியிருக்கிறாள். சுலபமாக எதையாவது சொல்லியிருக்கலாம். இருப்பதிலேயே கஷ்டமானதைத் தேடிச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுக்கு நான் வேண்டியிருந்திருக்கிறேன். அதைக் கடை டப்பாவில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் பன்னெண்டு நாள் கறங்க. அதுக்கு மேல ஒரு வேளைகூட கறக்கக் கூடாது, கன்னுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். தாசில்தார் இரண்டு லிட்டருக்கு இறங்கியிருந்தது. அந்த இரண்டு லிட்டரும் உறைக்குப் போயிற்று. எனக்கும் அக்காவுக்கும் வரக்காப்பி. காலையில் அதைக் குடிக்கும்போதெல்லாம் அக்கா, "உன் பொண்டாட்டி ஒரு தேங்காய் வேண்டிக்கிட்டிருந்தா ஆவாதா?" என்பாள். சினை முற்றிய மாட்டுப் பால் கெட்டியாக இருக்கும், கொஞ்சம் உப்புக் கரிக்கும், வெண்ணெய் சீக்கிரம் பிரியாது. ஒருநாள் ஒன்றேகால் மணி நேரம் கடைந்தேன். கவிநிலா போனில் அழுதாள்: "உங்க ஹார்ட்டுக்காக வேண்டிக்கிட்டதுப்பா அது, அதுக்காகவே ஹார்ட்டு நின்னுடப் போவுது." அப்பாசாமி கடைவதற்கு முறை வைத்து வந்தார். பரிகாரம் என்றார். கடைவதற்கு மூக்கு தேவையில்லை என்று அக்காவும் அனுமதித்தாள்.

பன்னிரண்டாம் நாள் மாலை கடைசிக் கறவை. தாசில்தாரின் கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன். தீபத்துக்கு ஐந்து நாள் இருந்தது. இந்த வெண்ணெயும் தீய்ந்தால் இனிமேல் கன்று போட்டு, சீம்பால் கழிந்து, பால் தெளிந்த பிறகுதான். அப்போது தீபம் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

இரண்டாவது தடவை யாரையும் நம்பவில்லை. நானே ஏற்றினேன். அக்கா இரண்டு பஞ்சு உருண்டையில் தைலம் தொட்டு என் மூக்கில் அடைத்து, அதன் மேல் முகக்கவசம் மாட்டினாள். உலகத்தில் தைலத்தைத் தவிர வேறு வாசனையே இல்லாமல் போயிற்று. கண்ணில் நீர் கொட்டியது. பாத்திரத்தின் நிறம் எங்கே தெரிகிறது?

"தூர இருடா. இவ்ளோ கிட்ட நின்னா பஞ்சையும் தாண்டி ஏறிடும். கூடத்துல குந்து. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி போய் பாரு" என்றாள். அவளும் அப்பாசாமியும் மறுபடி வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். அப்பாசாமி வாயைத் திறக்கக் கூடாது என்று ஏற்பாடு.

கூடத்தில், அடுப்படிக்கு முதுகு காட்டியபடி என் நாற்காலி கிடக்கும். உட்கார்ந்தேன். கைக்கு வேலை இல்லாமல் பதற்றமாக இருந்தது. பேப்பரை எடுத்து விரித்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் வெண்ணெய் சளசளவென்று கொதிக்கத் தொடங்கியது. தண்ணீர் பிரிந்து சடசடவென்று வெடித்தது. மழை தகரத்தில் விழுவது போல. முன்பெல்லாம் இந்தச் சத்தத்தில் ரேடியோ செய்தி கேட்காது, "கொஞ்சம் கதவச் சாத்தேன்" என்று கத்துவேன். சாத்த மாட்டாள். பிறகு அந்தச் சடசடப்பு மெதுவாகப் பொடியாயிற்று. இன்னும் பொடியாயிற்று. பேப்பரில் பக்கம் திருப்பினேன். சத்தம் அடங்கியது. யாரோ பேசிக்கொண்டிருந்துவிட்டு வார்த்தை முடிந்து நிறுத்துவது போல ஒரு அடக்கம்.

அடுத்தது இடுக்கி எடுக்கிற சத்தம் வரும். அலமாரிக் கம்பியில் மாட்டியிருக்கும் இடுக்கி, வளையலோடு ஒரு தடவை உரசும். பாத்திரம் மேடையில் டக்கென்று இறங்கும். முப்பத்தெட்டு வருஷமாக அந்த வரிசை மாறினதில்லை. நான் பேப்பரைப் பிடித்தபடி அதற்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

இடுக்கியை நான்தான் எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. பேப்பரைப் போட்டுவிட்டு ஓடினேன். கால் முக்காலியில் இடித்தது. இடுக்கியைக் கம்பியிலிருந்து பிடுங்கி, பாத்திரத்தை இறக்கிவைத்து, அடுப்பை அணைத்தேன். முகக்கவசம் முழுக்க நனைந்திருந்தது. அதில் தைலத்தின் வேலை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அடியில் செம்பழுப்பாகக் கசடு. அதன் மேல் நெய், கண்ணாடி மாதிரி, அடி தெரிகிற மாதிரி நின்றிருந்தது.

அக்கா கேட்டிலிருந்து, "இன்னாடா சத்தமே காணோம்? உயிரோட இருக்கறியா?" என்று கூவினாள்.

துணியில் வடிகட்டித் தூக்கில் ஊற்றினோம். தூக்கு நிறைந்து, ஒரு கரண்டி மிச்சமும் வந்தது. மிச்சத்தை மாட்டுக் கொட்டகையில் விளக்கு ஏற்றிவிடச் சொன்னாள் அக்கா. மூடி போட்டு, மேலே துணி சுற்றி, பூசை அறையில் வைத்தோம்.

மறுநாள் காலையில் ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். நானும் அக்காவும் பின்னால், எங்களுக்கு நடுவில் தூக்கு. அப்பாசாமி முன்னால் ஆட்டோக்காரர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, "பள்ளம் பாத்து, பள்ளம் பாத்து" என்று வாயாலேயே ஓட்டினார். நெய் காணிக்கை வாங்கும் இடத்தில் நல்ல வரிசை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் இளவயதுக்காரர், சுறுசுறுப்பு. எங்கள் முறை வந்ததும் தூக்கை வாங்கினார், துணியை அவிழ்த்தார், மூடியைத் திறந்தார். திறந்தவர் குனிந்து, மூக்கு நெய்யில் படுமோ என்கிற அளவுக்கு, நன்றாக ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஐயோ!" என்றாள் அக்கா. வரிசையே திரும்பிப் பார்த்தது.

"இன்னாம்மா ஆச்சி?"

"மோந்துட்டியேப்பா! ஒரு மாசமா மூக்குல பஞ்ச அடச்சிக்கினு கெடந்தோம்! பாவி, மோந்துட்டியே!"

அவருக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பின்னால் இருந்தவர்களும் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் மறுபடி காய்ச்ச வேண்டும் என்றார். மறுபடி காய்ச்சத் தாசில்தார் சம்மதிக்காது என்று அப்பாசாமி சொல்ல, இதில் தாசில்தார் எங்கே வந்தார் என்று அவர் குழம்பினார்.

மேசைக்காரர் யோசித்தார். "அம்மா, உங்க கையிலிருந்து நான் வாங்கிட்டேனா இல்லியா?"

"வாங்கிட்ட."

"வாங்குன அப்புறந்தானே மோந்தேன்? அப்போ நெய் உங்களுது இல்ல, சாமியுது. நான் மோந்தது சாமிக்காக. கலப்படம் இருக்குதான்னு அவரு வந்தா பாப்பாரு?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதிவறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், ஒப்படைத்த பிறகு கோப்பு நம்முடையது இல்லைதான்.

அவர் நெய்யைப் பெரிய டின்னில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வழிகிற வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "யார் பேருல எழுதறது?" என்றார்.

"சந்திரம்மாள்" என்றேன்.

ரசீதைக் கிழித்து, வெறும் தூக்கையும் கொடுத்தார். வெளியே வந்து, கோபுரத்து நிழலில் ஆட்டோவுக்கு நின்றோம். அக்கா என் கையிலிருந்த தூக்கைப் பிடுங்கினாள். "இப்போ இது நம்முது" என்று மூடியைத் திறந்து உள்ளே மூக்கை விட்டாள். வெகுநேரம் விட்டாள். பிறகு நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு கொதி முன்னாடியே எறக்கிட்ட. நான்னா இன்னும் கொஞ்சம் சிவக்க வுட்டிருப்பேன்."

தூக்கை வாங்கி நானும் குனிந்தேன். பதிமூன்று மாதமாக எங்கள் வீட்டில் இல்லாத வாசனை.

"இல்லக்கா" என்றேன். "சந்திரா இங்கதான் எறக்குவா."

"உனக்கு இன்னாடா தெரியும்? அடுப்படிப் பக்கம் வந்திருக்கியா நீ?"

"வந்ததில்ல. ஆனா இங்கதான் எறக்குவா."

"சிவந்தாதாண்டா நெய்யி!"

"இதுதாங்கா நெய்யி."

அப்பாசாமி தூக்கை வாங்கி, தானும் பெரிதாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு பேரு சொல்றதும் சரின்னுதான் படுது" என்றார். ஆட்டோ வந்தது. அக்கா ஏறும்போதும் விடவில்லை. அடி அண்ணாமலை வந்து சேரும் வரை, ஒரு கொதி முன்னாடியா பின்னாடியா என்று நானும் விடவில்லை.